ஏரிக்கரையில் கூடுவோம்!

தமிழ்க் குடும்பம் ஒன்று முழுமையாக ஒரே இடத்தில் கூடுவதற்கு நம் நாட்டில் இரண்டே சந்தர்ப்பங்கள்தான் உண்டு. ஒன்று கலியாணம், மற்றொன்று சாவு. கலியாணத்தில் சமையற்காரரையும் சம்பந்தியையும் கவனிப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. சாவு வீட்டிலோ, யாரைப் பார்ப்பதற்காக எல்லோரும் ஓடி வருகிறார்களோ அவர் ஒருவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "வா அப்பா, சௌக்கியமா?" என்று கேட்பதற்கு இல்லை. "உயிரோடு இருந்தபோது ஒரு தடவை இப்படி எல்லோரும் வந்திருக்கக் கூடாதா?" என்று ஒருவராவது பெருமூச்சு விடாத சாவு வீட்டை நாம் கண்டதில்லை.

கலியாணமும் இல்லாமல், கருமாதியும் இல்லாமல், சும்மா பார்ப்பதற்காகவே உறவினர் எல்லோரும் ஒரு நாள் கூடுவது மேல்நாட்டார் வழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நம் முன்னோர்கள் இதற்கென்றே நாட்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். காணும் பொங்கல் என்ற பெயரைச் சற்றே யோசித்துப் பாருங்கள். காண்பதற்காக ஏற்பட்ட பொங்கல். வேறு வேலை எதுவும் அன்றைக்குக் கிடையாது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று சித்திரான்னங்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்கள் ஆற்றை மட்டும் பார்ப்பதற்காகவா போனார்கள்? அத்தை மகனையும் மாமன் மகளையும் பார்ப்பதற்காகவுந்தான் போனார்கள். மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்களே கடற்கரையில் வந்து ஒன்றையொன்று கண்டுகொள்ளும் போது, மனிதர்களுக்கு அந்த ஆசை இருப்பதில் என்ன வியப்பு?

ஆகவே, குடும்பம் கூடுவது நமக்குப் புதிதல்ல. அதை மறந்துபோனதுதான் புதிது. இந்த வாரம் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். உதாரணத்துக்குப் புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். ஏனெனில், குடும்பங்கள் எவ்வாறெல்லாம் சிதற முடியும் என்பதற்கும், அவற்றை மீண்டும் ஓரிடத்தில் சேர்ப்பது எப்படி என்பதற்கும் அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

"ஒரே ராஜ்யத்துக்குள் இருக்கும் ஏரியிலோ பூங்காவிலோ கூடினால் போயிற்று, அதில் என்ன கஷ்டம்?" என்று வெளியூர் அன்பர்கள் கேட்கலாம். புதுவைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். அவருடைய பிரதேசம் முழுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 490 சதுர கிலோமீட்டர்தான். அதுவும் ஒன்றாக இல்லை. காரைக்கால் தெற்கே 130 கிலோமீட்டருக்கு அப்பால் காவிரிக் கரையோரத்தில் இருக்கிறது. மாஹே மலையாளக் கரையில் இருக்கிறது. யானம் ஆந்திர தேசத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. போகட்டும், புதுவைப் பகுதியாவது ஒரே துண்டா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே புதுவைக் கிராமங்களும், புதுவைக் கிராமங்களுக்கு நடுவே தமிழ்நாட்டுக் கிராமங்களும் பல்லாங்குழியில் சோழிகளைப் போட்டாற்போல் விழுந்து கிடக்கின்றன. பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகள் இரண்டு போட்ட சண்டைகளும், செய்துகொண்ட உடன்படிக்கைகளும் விட்டுச் சென்ற சின்னம் இது.

பிள்ளைச்சாவடியைப் பாருங்கள். புதுவை நகரிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மீனவ கிராமம். பக்கத்திலே காலாப்பட்டு. அங்கே 1985-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மத்திய பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைச்சாவடியிலிருந்து புதுவைக் கடைத்தெருவுக்குப் புறப்படும் ஒருவர் புதுவைப் பிரதேசத்தில் பஸ் ஏறுகிறார். சில நிமிஷங்களில் பொம்மையார்பாளையம் வருகிறது, அது தமிழ்நாடு. பெரிய முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடுதான். பிறகு முத்தியால்பேட்டை வந்ததும் மறுபடியும் புதுவை! காய்கறி வாங்கப் போகிறவர் இரண்டு தடவை எல்லை கடந்தாக வேண்டும். பிரெஞ்சு ஆட்சியின் கடைசி வருஷங்களில் இந்த எல்லைகளில் சுங்கக் காவல் நின்றது. இப்போது அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் நிலத்தின் மேல் போட்ட கோடுகளைக் காட்டிலும் ஆழமான கோடு ஒன்று குடும்பங்களுக்குள்ளேயே விழுந்தது. அதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூருக்கு அப்பால் உள்ள கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவுடன் சேர வேண்டுமென்று 170 பேரும், வேண்டாமென்று 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் பிரெஞ்சுப் பார்லிமெண்டின் சம்மதம் கிடைத்த பிறகு 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதிதான் நிறைவேறிற்று. அந்த உடன்படிக்கையில் ஒரு ஷரத்து இருந்தது. புதுவை மண்ணில் பிறந்து அங்கே வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகள் ஆவார்கள். ஆனால், விருப்பமுள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம். சில குடும்பங்களில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சுக்காரர் ஆனார். தம்பி இந்தியர் ஆனார். தாயார் இருவருக்கும் ஒரே சட்டியில் குழம்பு வைத்துக் கொண்டிருந்தாள்.

இதற்கு முன்னாலேயே பெயர்களிலும் பிரிவு வந்துவிட்டது. 1881-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின்படி தங்கள் சொந்த சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிய குடும்பப் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். ஆதலால் இன்று புதுவையில் ஒரே பாட்டனாரின் பேரர்களில் ஒருவருடைய பெயரைப் பார்த்தால் பாரிஸ் நகரத்தவர் என்றும், மற்றவருடைய பெயரைப் பார்த்தால் பாகூர்க்காரர் என்றும் தோன்றும். முகத்தைப் பார்த்தால்தான் இருவருக்கும் ஒரே மூக்கு என்று தெரியும்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். தம்பி கட்டுமரத்தோடு கரையிலேயே தங்கிவிட்டார். இருவரும் இப்போது காலமாகிவிட்டார்கள். தம்பியின் மனைவி மட்டும் எண்பத்தைந்து வயதைத் தாண்டி நல்ல ஞாபக சக்தியுடன் இருக்கிறாள். இரு கிளைகளிலும் சேர்த்து மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று அறுபது பேருக்குக் குறையாது. பிரான்ஸில் பாதிப்பேர், மற்றவர்கள் காரைக்காலிலும் சென்னையிலும் ஊரிலுமாக இருக்கிறார்கள். இரண்டு கிளைக்கும் வெகு நாளாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், கடற்கரையோரம் இருந்த பூர்விக வீடு. அது யாருக்குச் சேர வேண்டியது என்று கடிதத்திலும் தந்தியிலும் டெலிபோனிலுமாக முப்பது வருஷம் மனஸ்தாபம் நடந்தது. 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' புயல் வீசியபோது கடல் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீடு இருந்த இடத்தில் இப்போது அலை இருக்கிறது.

கடல் ஏன் இப்படிச் செய்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும் பகுதி மணலானது தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. அலை ஒரு கையால் மணலை எடுத்து மறு கையால் போடும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. மணல் அதற்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த ஊர்களுக்கு அலை எடுப்பதை எடுத்தது. போடுவதற்குத்தான் அதன் கையில் மணல் இல்லை. முதலில் நகரத்தின் கடற்கரை போயிற்று. அதைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து குப்பங்களைப் பிடித்தது. சில இடங்களில் தூண்டில் வளைவு போட்டார்கள். போட்ட ஊருக்கு மணல் வந்தது. அடுத்த ஊருக்குப் போயிற்று. 2018-இல் நகரத்துக் கடலுக்குள் விஞ்ஞானிகள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு காந்தி சிலைக்கு அருகே மறுபடியும் மணல் சேர்ந்து, ஜனங்கள் காலை நனைக்கிறார்கள். பிள்ளைச்சாவடிக்காரர்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, தங்கள் கரைக்குத் திரும்பிக் கல்லின் மேல் உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்கிறார்கள்.

வீடு போனவுடன் ஒரு விந்தை நடந்தது. சண்டை போடுவதற்குப் பொருள் இல்லாமற் போனதும், சண்டையும் மெல்லக் கரைந்துவிட்டது. பிரான்ஸிலிருந்து மூத்தவருடைய மகன் ஊருக்குப் பேசி, "சித்தியைப் பார்க்க வேண்டும்; எல்லோருமாக வருகிறோம்," என்றார். ஆனால் வந்து எங்கே தங்குவது, எங்கே கூடுவது? சொந்த வீடு கடலில். மகன் குடியிருக்கும் வீடோ சாலையோரத்தில் இரண்டே அறைகள். கலியாண மண்டபம் பிடிக்கலாம் என்றார் ஒருவர். நட்சத்திர ஓட்டல் என்றார் இன்னொருவர். பெரியவளிடம் நாம் கேட்டோம்:

"ஆயா, எந்த இடம் உங்களுக்குச் சம்மதம்?"

"மண்டபத்துல வாழைமரம் கட்டணும். பத்திரிகை அடிக்கணும். அதெல்லாம் எதுக்குப்பா? நெழலா ஒரு எடம், பக்கத்துல கொஞ்சம் தண்ணி. குந்திப் பேசறதுக்கு அது போதாதா?" என்றாள்.

ஒரு குடும்பக் கூட்டத்துக்கு வேண்டிய திட்டம் முழுவதும் இந்த இரண்டு வார்த்தைகளில் அடங்கிவிட்டது: நிழல், தண்ணீர். இனி, நாள் எது, இடம் எது என்று பார்ப்போம்.

முதலில் நாள். இதில்தான் பெரும்பாலான யோசனைகள் கவிழ்ந்துபோகின்றன. ஏரி நிரம்பியிருப்பது வடகிழக்குப் பருவ மழைக்குப் பிறகு, அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பறவைகள் வருவதும் அப்போதுதான். ஆனால் பிரான்ஸிலுள்ள குழந்தைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். அப்போது நம் ஏரிகளில் தண்ணீர் வற்றி மாடுகள் மேய்ந்து கொண்டிருக்கும். மீனவக் குடும்பமாயிருந்தால் கடலையும் கேட்டாக வேண்டும். மீன் நன்றாகப் படும் நாளில் கரையில் உட்கார்ந்து கதை பேச யாருக்கும் மனம் வராது. விசைப்படகுகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் ஓய்வுதான். ஆனால் கையில் பணம் இராது. வெயிலும் பொறுக்க முடியாது.

நம்முடைய யோசனை இது. புதுவைப் பிரதேசத்தில் ஆகஸ்டு 15, 16 இரண்டு நாட்களும் விடுமுறை. முதல் நாள் நாடு முழுவதற்கும் சுதந்திர தினம். ஆகவே சென்னையிலுள்ளவர்களும் வரலாம். மறுநாள் புதுவைக்கு மட்டும் உரிய தினம். 1962-இல் சட்டப்படி ஆட்சி மாறிய நாள். அண்ணனையும் தம்பியையும் இரண்டு தேசத்துப் பிரஜைகளாக்கிய அதே நாளில் அவர்களுடைய பேரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடட்டுமே! இதைவிடப் பொருத்தமான நாள் வேறு எது? ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர்த் திருவிழா. பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த அந்தத் தேர் ஆகஸ்டு மாதத்தின் நடுவில் ஓடும். சில நாள் முன்பின்னாகத் தங்குகிறவர்களுக்கு அதையும் பார்க்கும் பாக்கியம் கிடைக்கலாம்.

ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் காணும் பொங்கலை வைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டிலிருந்து குழந்தைகள் வர இயலாது; ஆனால் பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் வரலாம். ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பினாற்போலவும் ஆயிற்று.

அடுத்தது இடம். புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. பிரெஞ்சுக் காலத்தில் உழவர்களே சங்கங்கள் அமைத்து இவற்றைப் பராமரித்தார்கள். பிறகு வெகு காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் தூர் எடுத்துக் கரை கட்டினார்கள். இவற்றில் பெரியது ஊசுட்டேரி. நகரத்துக்கு மேற்கே 10 கிலோமீட்டர் போனால் வரும். சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதை நிரப்புகிறது. ஏரியில் ஏறக்குறையப் பாதி புதுவையைச் சேர்ந்தது. பாதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. புதுவை தன் பாதியை 2008-இலும், தமிழ்நாடு தன் பாதியை 2015-இலும் பறவைகள் சரணாலயமாக்கின. நாமக்கோழிக்கும் நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் தாம் எந்த அரசாங்கத்தின் பாதியில் மிதக்கிறோம் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவற்றுக்கு இல்லை. எல்லைகளைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் ஒன்று: சரணாலயம் என்பது பறவைகளின் வீடு. பிறர் வீட்டுக்குப் போகும்போது அடுப்பு மூட்டக் கூடாது. ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இலையையும் காகிதத்தையும் எறிந்துவிட்டு வரக் கூடாது. காலை ஆறரை மணிக்குப் போய், ஓசைப்படாமல் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவது உத்தமம். சாப்பாட்டை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் பாகூர் ஏரி. பெண்ணையாற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் இதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கதை சொல்வார்கள். சகோதரிகள் ஒன்றாகச் சேர்ந்தால் ஊருக்கே தண்ணீர் வருமென்றால், சகோதரர்களும் சேர்ந்து பார்க்கலாமல்லவா? பாகூரில் சோழர் காலத்து மூலநாதர் கோயிலும் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கனுடைய காலத்தில் இவ்வூரில் ஒரு கல்விச் சாலைக்குக் கிராமங்களைத் தானம் செய்த செப்பேடு கிடைத்திருக்கிறது. தமிழ் தெரியாத பேரப் பிள்ளைகளிடம், "பாட்டன் ஊரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே காலேஜ் இருந்தது," என்று சொல்வதற்கு இது உதவும். ஏரிக்கரையில் பனைகள் உண்டு. மழைக்குப் பின் பச்சை வயல் உண்டு. ஆனால் ஏரிக்குள் குழந்தைகளைத் தனியே இறங்க விடலாகாது. மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு மேலே தெரிவதில்லை.

ஆகஸ்டு மாதத்தில் கூடுகிறவர்களுக்குப் பூங்காக்களே தகுதியானவை. நகரத்தின் நடுவிலுள்ள பாரதி பூங்கா, 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிரெஞ்சுக் கோட்டை இருந்த இடம். பீரங்கிகள் இருந்த இடத்தில் இப்போது குழந்தைகள் ஓடுகின்றன. நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. ஊருக்காகக் குளம் வெட்டிய ஆயி என்னும் மாதரசியின் பெயரால் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது. தளபதிகளுக்கும் கவர்னர்களுக்கும் சிலை வைத்த ஆட்சி, தண்ணீர் தந்தவளையும் மறக்கவில்லை. ஆனால் இந்தப் பூங்காவில் விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். அறுபது பேர் வட்டமாக உட்கார இடம் கிடைப்பது அரிது. அதற்கு 1826-இல் ஏற்படுத்தப்பட்ட தாவரவியல் பூங்காதான் சரி. வயதான மரங்களுக்கு அடியில் வயதான மனிதர்களை உட்கார வைப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எந்தப் பூங்காவானாலும் பெரிய கூட்டமாகப் போவதற்கு முன் பொறுப்பாளர்களிடம் கேட்டு அனுமதி பெற்றுவிட வேண்டும். போன பிறகு வாயிற்காப்போனுடன் வாதாடுவது குடும்பத்துக்கு அழகல்ல.

பிற்பகலில் கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்துக்குப் போனால் சுண்ணாம்பாற்றில் படகு விடுகிறார்கள். ஏரி வற்றினாலும் கழிமுகம் வற்றாது. இளைஞர்கள் படகேறி முகத்துவாரத்து மணல் திட்டு வரையில் போய்வரட்டும். மிதவைச் சட்டையைக் கட்டிக்கொள்ள மறுக்கிற வீரர்களைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். 16-ஆம் தேதி காலையில் விருப்பமுள்ளவர்கள் கீழூருக்கும் போகலாம். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. 170-க்கு 8 என்ற கணக்கைப் பேரர்களுக்குச் சொல்லிவிட்டு, அந்த எட்டுப் பேரும் நம்மவர்களே என்பதையும் சேர்த்துச் சொன்னால், மாறுபட்ட அபிப்பிராயம் உடையவர்களும் ஒரே குடும்பமாக வாழலாம் என்பது குழந்தைகளுக்கு விளங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் கொஞ்சம் கண்டிப்பாயிருக்க விரும்புகிறோம். "நம் வீட்டுப் பெண்களே சமைத்துவிடுவார்கள்" என்று ஆண்கள் தாராளமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் நாத்தனார்களும் ஓரகத்திகளும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, வெந்து, வியர்த்து, கூட்டம் கலையும் போதுதான் வெளியே வருகிறார்கள். யாரைப் பார்க்க வந்தோம் என்பதையே அவர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. புளியோதரை, எலுமிச்சஞ் சோறு, தயிர்ச் சோறு ஆகியவை கெடாமல் இருக்கும். மீனவர் வீடானால் முதல் நாள் வைத்த மீன் குழம்புக்கு மறுநாள் உள்ள ருசியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பரிமாறுவதும், இலை எடுப்பதும், பாத்திரம் சுமப்பதும் ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும். ஒரு நாளைக்குச் செய்தால் மீசை உதிர்ந்துவிடாது.

புதுவை என்றதும் சில உறவினர்கள் முகத்தில் வேறொரு மலர்ச்சி தோன்றும். அவர்களிடம் பணிவாகச் சொல்லி வையுங்கள்: பாட்டில்களுக்குத் தனியே வேறு நாள் இருக்கிறது, இந்த நாள் பாட்டிக்கு உரியது. முப்பது வருஷப் பகை மூன்று மணி நேரத்தில் தீர்ந்ததும் உண்டு; தீர்ந்த பகை மூன்று கிண்ணத்தில் மறுபடியும் முளைத்ததும் உண்டு.

செலவைப் பற்றி: வெளிநாட்டிலிருந்து வருகிறவர், "எல்லாம் என் பொறுப்பு," என்று பெருந்தன்மையோடு சொல்வார். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அவர் கொடுப்பது யூரோவாகவும் ஊரில் இருப்பவர் கொடுப்பது ஐம்பது ரூபாயாகவும் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது வரட்டும். ஒரு வீட்டார் வேன் பிடிக்கலாம். ஒரு வீட்டார் இலை வாங்கலாம். ஒன்றும் இயலாதவர் மூன்று கல் தொலைவிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வரலாம். ஒருவரே கொடுத்தால் அது விருந்து. எல்லோரும் கொடுத்தால்தான் அது குடும்பம். இரவல் வாங்கி வந்தவனையும் இறுமாந்து வந்தவனையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேறு வழி இல்லை.

இனி, கூடிய பிறகு என்ன செய்வது? பாட்டுக் கச்சேரி, பரிசளிப்பு என்று பெரிய நிகழ்ச்சி நிரல் வேண்டாம். ஒரு பெரிய காகிதத்தையும் பேனாவையும் ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் கொடுங்கள். வயதில் மூத்தவரைக் குழந்தை கேட்கட்டும்: "உங்கள் தாத்தா பெயர் என்ன? அவருடைய ஊர் எது? எப்போது கப்பலேறினார்கள்? ஏன் போனார்கள்?" பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, இறப்பு, விவாகம் எல்லாவற்றுக்கும் முறையான பதிவேடு உண்டு. ஆகையால் புதுவைக்காரர்களுக்குத் தேதி கிடைத்துவிடும். ஆனால் காரணம் பதிவேட்டில் இராது. எழுதிக் கொடுத்த அண்ணன் எதற்காகக் கொடுத்தார், கொடுக்காத தம்பி எதற்காக மறுத்தார் என்பதெல்லாம் எண்பது வயதானவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. அந்தப் பதிவேட்டுக்கு நகல் கிடையாது.

பேரனுக்குத் தமிழ் வரவில்லையே, பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒரு அத்தையாவது இருப்பாள். அவளும் இல்லாவிட்டால், வலை பின்னவும், மீனின் பெயர் சொல்லவும், தாயம் உருட்டவும் இலக்கணம் தேவையில்லை. பத்து மீனின் பெயரைப் பாட்டியின் வாயிலிருந்து கற்றுக்கொண்டு போகும் பையன், பத்து மாதத்தில் பதினோராவது வார்த்தையைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்வான்.

கடைசியாக, பேசக் கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று பாகப் பிரிவினை. மற்றொன்று யாருடைய மகனுக்கு எவ்வளவு சம்பளம் என்பது. இவ்விரண்டையும் பேசுவதற்கு வருஷத்தில் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் இருக்கின்றன.

புதுவை அன்பர்களுக்கு மட்டுமல்ல, எல்லா ஊர் அன்பர்களுக்கும் இதையே சொல்கிறோம். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஏரி உண்டு. ஏரி தூர்ந்திருந்தால் ஓர் ஆலமரமாவது மிஞ்சியிருக்கும். கடல் கொண்டுபோன வீட்டை யாராலும் மீட்க முடியாது. கடல் கொண்டுபோகாத வீடும் ஒரு நாள் விலைக்குப் போகிறது. அல்லது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்த வீட்டில் பிறந்தவர்கள் கூடி உட்காரும் இடமெல்லாம் அந்த வீட்டுத் திண்ணைதான். ஆகவே, பஞ்சாங்கத்தை எடுங்கள், நாளைக் குறியுங்கள், இன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். வர இயலாது என்று ஒருவர் சொன்னால் அதற்காக நாளைத் தள்ளிப் போடாதீர்கள். அறுபது பேரில் பதினைந்து பேர் வந்தாலும் கூடிவிடுங்கள். அடுத்த வருஷம் மற்றவர்கள் தாமாகவே கேட்டுக்கொண்டு வருவார்கள். வந்த பதினைந்து பேர் சும்மா இருப்பார்களா என்ன?